வெஜிடேரியன் கெண்டை

என் மாமியார் தெருவில் யாரிடம் என்னைப் பற்றிப் பேசினாலும், "நாட்டுப்பொண் ஜல ஆராய்ச்சி பண்றா" என்றுதான் சொல்வார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மீன் என்கிற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

நான் தென்னூர்க்காரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிற குடும்பம். அவர்கள் ஸ்ரீரங்கத்தில், வெங்காயமே யோசித்து யோசித்து உள்ளே நுழைகிற வீடு. கல்லூரியில் மாமியாரின் மகனை நான் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் ஒரு வருஷம் இரண்டு வீட்டாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்றால், நான் வீட்டுக்குள் அசைவம் கொண்டுவர மாட்டேன், மாமியார் என் கழுத்துச் சிலுவையைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார் என்று ஆனது. நல்ல ஒப்பந்தம்தான். அதில் என் ஆராய்ச்சியைச் சேர்க்க மறந்துவிட்டோம், அவ்வளவுதான் கோளாறு.

என் ஆராய்ச்சி ஆற்று மட்டியைப் பற்றியது. காவிரி மணலில் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு, கறுப்பு ஓட்டுக்குள் வாயைத் திறந்தும் திறக்காமலும் கிடக்குமே, அதேதான். அதற்கு நாக்கு மாதிரி ஒரு கால் உண்டு. அந்தக் காலை வைத்துக்கொண்டு நாளெல்லாம் இழுத்தாலும் அது பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேராது. வெள்ளம் வந்தால் கீழே தள்ளிக்கொண்டு போகுமே தவிர மேலே ஏற்றாது. அப்படியிருக்க, இங்கிருந்து மேற்கே முசிறி வரைக்கும் ஆற்றில் மட்டி இருக்கிறதே, அது எப்படி அங்கே போனது?

மீன் மேல் ஏறிப் போனது. தாய் மட்டி தன் குஞ்சுகளைத் தண்ணீரில் துப்பும். தூசி மாதிரி இருக்கும் அந்தக் குஞ்சு, போகிற மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்விக்கொள்ளும். மீனுக்குத் தெரியவே தெரியாது. அது தன் பாட்டுக்கு இரை தேடி மேலே போகும், குஞ்சும் டிக்கெட் எடுக்காமல் கூடவே போகும். இரண்டு வாரம் போனால் பிடியை விட்டு அடியில் விழுந்து, அங்கேயே புதைந்து, மட்டியாக வாழத் தொடங்கும். மீன் போன வழிதான் மட்டி போன வழி. மீனை ஒரு சுவர் தடுத்தால் மட்டியையும் தடுத்த மாதிரிதான்.

இதில் எனக்குக் கவலை தந்தது ஒரு தடுப்பணை. அணைக்குக் கீழே பெரிசும் சிறிசுமாக மட்டிகள் இருந்தன. மேலே போய்த் துழாவினால் எல்லாம் கிழங்கள். உள்ளங்கை அளவுக்குப் பெரிய, ஓடு தேய்ந்த மட்டிகள். குட்டி ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளெல்லாம் வெளிநாடு போய்விட்ட தெரு மாதிரி இருந்தது. எந்த மீன் இங்கே குஞ்சைச் சுமக்கிறது என்று தெரிந்தால் இதற்குப் பதில் தெரிந்துவிடும். ஜிலேபி மீன் சுமக்கிறதென்றால் கவலை இல்லை, அது எங்கேயும் இருக்கிறது. விரால் என்றாலும் பரவாயில்லை, அது ஈரத்தரையில் நெளிந்தாவது போய்விடும். கெண்டை என்றால்தான் வம்பு. அந்தச் சுவரைக் கெண்டையால் ஏற முடியாது.

முதலில் மீன் மார்க்கெட்டுக்குத்தான் போனேன். நம் ஊர் மீன்காரம்மாக்கள் எடை போட்ட கையோடு செதிலைச் சீவி, செவுளைப் பிடுங்கி, கழுவித் தருவது ஒரு மரியாதை. எனக்கு வேண்டியதோ அந்தச் செவுள். "அக்கா, செவுள எடுக்காதீங்க!" என்று நான் கத்துவதற்குள் அது வாளிக்குள் போய்விட்டது.

"செவுளு கசக்கும் கண்ணு. யாரு உனக்குச் சமையல் சொல்லிக் குடுத்தது?" என்றார் அந்த அம்மா.

"எனக்கு மீனே வேண்டாங்க. செவுள் மட்டும் போதும்."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தன பூன வளக்குற?"

அன்றிலிருந்து நான் அந்த மார்க்கெட்டில் பூனைக்காரம்மா. போகும்போதெல்லாம் செவுள்களைத் தனியாக வாழையிலையில் கட்டி வைத்திருப்பார், காசு வாங்கமாட்டார். மூன்று வகை மீனின் செவுளிலும் மட்டிக் குஞ்சு ஒட்டியிருந்தது. நான் குதித்துக்கொண்டு போய் என் கைடு மேடத்திடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"பஸ்ல ஏறுனவங்க எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு எப்படிச் சொல்றே? பாதி வழியில எறக்கி விட்டிருக்கலாம்ல? உயிரோட எறங்குனதைக் காட்டு."

சொன்னது நியாயம்தான், எரிச்சலாகவும் இருந்தது. ஒவ்வாத மீனின் மேல் ஒட்டினால் நாலைந்து நாளில் மீனே குஞ்சை உதிர்த்துவிடும், அது செத்துப்போகும். எந்த மீனிலிருந்து உயிருள்ள குட்டி மட்டி விழுகிறதோ அதுதான் வண்டி. அதைத் தொட்டியில் வைத்துப் பார்த்தாக வேண்டும். எனக்கு ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு கொடுத்திருந்தார்கள். மார்ச் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. தாய் மட்டிகள் குஞ்சோடு கிடைத்தது மார்கழிப் பிறப்பில். ஒரே ஒரு தடவை செய்து பார்க்கத்தான் நேரம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் துறையில் வயரிங் மாற்றத் தொடங்கினார்கள். லேபில் ஒரு மாதம் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமல் தொட்டியில் காற்றுக் குமிழி விட முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வேறு வழியில்லாமல் தொட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். என் கணவர் துவாக்குடியில் ஒரு வால்வு கம்பெனியில் வேலை செய்கிறார். எவ்வளவு கனமானாலும் தூக்குவார், வாதாட மட்டும் வரமாட்டார். "தொட்டியை நான் தூக்கறேன். அம்மாகிட்ட நீயே பேசிக்கோ" என்று சொல்லிவிட்டார்.

நான் பேசினேன். மாமியார் சமையலறை வாசலில் நின்றபடி கேட்டார். தளிகைக்கு நேரமாகிவிட்டது என்கிற முகம்.

"உசிரோட இருக்குமா?"

"உயிரோடதாம்மா இருக்கும். ஒண்ணுகூடச் சாகாது. முடிஞ்சதும் ஆத்துல விட்டுடுவேன்."

"யாரும் திங்கமாட்டாளே?"

"யாரும் திங்கமாட்டாங்க."

கொல்லைப் பக்கம் கை காட்டினார். "கொல்லைத் தாழ்வாரத்துல வச்சுக்கோ. கிணத்து ஜலம் எடுத்துக்கோ. நம்மாத்துக்கு வந்தா அதுகளும் விருந்தாளிதான்."

இத்தனை சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. தென்னூரிலிருந்து என் அம்மா போன் செய்து, "வீட்டுல உயிர் மீனை வச்சிக்கிட்டு சாம்பார் சாப்பிடுறியா? உனக்கே அடுக்குமாடி?" என்று அங்கலாய்த்தார். அவர்தான் அன்று அதிகம் கலங்கியவர்.

மூன்று கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் ஆற்றுக் கெண்டை ஆறு, ஒன்றில் ஜிலேபி நாலு, ஒன்றில் ஒற்றை விரால். விரால் எகிறிக் குதிக்கும் என்பதால் அதன் மேல் மட்டும் வலை மூடி. குஞ்சோடிருந்த தாய் மட்டிகளை ஒரு பகல் முழுக்க அந்தந்த மீன்களோடு வாளியில் விட்டு, துடுப்பிலும் செவுளிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்ததைப் பார்த்துவிட்டு மீன்களைத் தொட்டிக்கு மாற்றினேன். அடியில் மணல்கூடப் போடவில்லை. விழுகிற குட்டி தெரியவேண்டுமே.

மாமியார் முதல் நாள் தூர நின்று பார்த்தார். இரண்டாம் நாள் பக்கத்தில் வந்தார். மூன்றாம் நாள் கேள்வி கேட்டார்.

"இதெல்லாம் என்ன சாப்பிடும்?"

நான் உள்ளதைச் சொன்னேன். விரால் தவளையையும் சின்ன உயிர்களையும் பிடித்துத் தின்னும் என்றேன். அவர் இரண்டடி பின்னால் போனார். ஜிலேபி இன்னதுதான் என்றில்லாமல் எல்லாம் தின்னும் என்றேன். முகத்தைச் சுளித்தார். கெண்டை பாசியையும் புல்லையும்தான் பெரும்பாலும் தின்னும் என்றேன்.

"வெஜிடேரியனா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ஒரு புழு எதிரில் வந்தால் கெண்டை அதை என்ன செய்யும் என்பதை நான் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, முழுசாகவும் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகு கெண்டைத் தொட்டிக்கு எதிரில்தான் அவர் நாற்காலி போட்டுக் காய் நறுக்குவார்.

அந்த நாட்களில் எனக்குக் கல்லூரித் தேர்வுத்தாள் திருத்தும் முகாம், ஞாயிறுகூட விடவில்லை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் திரும்ப ராத்திரி ஏழு ஆகும். வந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டரைக்குத் தொட்டி முன்னால் உட்காருவேன். ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, அடித்தண்ணீரை வெளியே இழுத்து, மெல்லிய வலைத்துணியில் வடிகட்டி, லேபிலிருந்து கொண்டுவந்த மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். குழாயை உறிஞ்சும்போது வாய்க்குள் தொட்டித் தண்ணீர் போகும். மூன்று வருஷமாக நான் குடித்த தண்ணீரைக் கணக்கெடுத்தால் நானே பாதி மட்டி.

ஐந்தாம் நாள் ஜிலேபியின் மேலிருந்த புள்ளிகள் காணாமல் போயின. விராலின் மேலிருந்தவை ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. கெண்டையின் மேல் மட்டும் புள்ளிகள் அப்படியே இருந்தன, நாளுக்கு நாள் தடித்தன. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு விழும், நாளைக்கு விழும் என்று காத்திருந்தேன். பன்னிரண்டாம் நாளிலிருந்து புள்ளிகள் குறையத் தொடங்கின. விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வலைத்துணியில் பார்த்தால் ஒன்றுமில்லை. பதின்மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. பதினாலாம் நாள் ஒன்றுமில்லை. தொட்டி மட்டும் துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. கெண்டை எவ்வளவு சுத்தமான மீன் என்று மேடத்திடம் பெருமை வேறு பேசியிருந்தேன். என்னை என்ன சொல்ல!

பதினாறாம் நாள் கெண்டைகளின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. வலைத்துணியிலும் ஒன்றும் இல்லை. மேடத்துக்குப் போன் செய்தேன்.

"இல்லைன்னா இல்லைன்னு எழுது" என்றார். அப்புறம் கொஞ்சம் குரல் தணிந்து, "ஆனா அதை மட்டும் வச்சு ஏட்டை முடிக்க முடியாது, தெரியும்ல?" என்றார்.

தெரியும். மூன்று வருஷம், இரண்டு நீட்டிப்பு, மழையில் ஆற்றுக்குள் நின்ற நாட்கள், பூனைக்காரம்மா என்கிற பட்டம், எல்லாம் போச்சு என்று தோன்றியது. கெண்டைகளைப் பார்த்து, "எங்கடா போட்டீங்க?" என்று கத்தினேன். அவை வாயைத் திறந்து திறந்து மூடின.

மறுநாள் முகாம் இல்லை. அதிகாலையில் விழிப்பு வந்துவிட்டது. மார்கழிக் குளிர், கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது, வாசலில் கோலம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. கொல்லைப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

மாமியார் குளித்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு, என் ரப்பர் குழாயைக் கையில் வைத்திருந்தார். குழாயை வாளித் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி நிரப்பினார். இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்தார். ஒரு முனையைக் கெண்டைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வெறும் வாளியில் விட்டு, விரல்களை எடுத்தார். தண்ணீர் தானே ஓடியது. வாய் வைக்கவே இல்லை. எச்சில் படாமல் அதைச் செய்ய முடியும் என்று விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்த எனக்குத் தெரியாது. குழாய் முனையால் அவர் தொட்டியின் அடியைக் கூட்டுவது போல மூலை மூலையாகத் தடவினார். ஒரு தூசி மிச்சமில்லாமல் போயிற்று.

"என்னம்மா பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏண்டி, பயந்தே போயிட்டேன். ஜலம் மாத்தறேன். என்னைக்கும் பண்றதுதானே."

"என்னைக்குமா?"

"காலம்பற ஒரு தரம். சாயங்காலம் விளக்கேத்தறதுக்கு முன்னாடி ஒரு தரம்."

அந்த வீட்டில் ராத்திரி தங்கிய தண்ணீருக்கு மறுநாள் இடம் கிடையாது. குடம், அண்டா, சொம்பு எல்லாவற்றையும் விடிகாலையில் கவிழ்த்து, கிணற்றிலிருந்து புதிதாக நிரப்பித்தான் தளிகை தொடங்கும். ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

"விருந்தாளியைப் பழைய ஜலத்துல வச்சிருக்கப்படாதோன்னோ. நீ காலம்பற அவசரமா ஓடறே. சரி, நாமளாவது பண்ணுவோம்னு..."

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முன்னால் போகும், புத்தி பின்னால் வரும். "உங்க மடி ஆசாரத்துல என் மூணு வருஷப் படிப்பைக் கொண்டுபோய்ச் சாக்கடையில ஊத்திட்டீங்க!" என்றேன். சத்தமாகத்தான். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

அவர் கையில் வாளியோடு அப்படியே நின்றார். முகம் வாடிப்போனது. மெதுவாகக் கேட்டார்.

"சாக்கடையில யாருடி ஊத்தினா? உசிர் இருந்த ஜலத்தைச் சாக்கடையில ஊத்துவாளா?"

"அப்ப எங்க ஊத்தினீங்க?"

"அந்தக் கறுப்பு" — விராலைப் பெயர் சொல்லமாட்டார் — "அது இருந்த ஜலத்தை வாழைக்கு விட்டேன். எல்லாம் திங்கறதே, அதோட ஜலத்தைத் தென்னைக்கு. இந்த வெஜிடேரியன் ஜலம் மட்டும் தாமரைத் தொட்டிக்கு. பெருமாளுக்குப் போற பூவாச்சே, கண்டதையும் அதுல விடலாமா?"

எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. கொல்லை மூலையில் இருந்த சிமெண்டுத் தொட்டிக்கு ஓடினேன். தாமரை இலைகளை விலக்கி, அடியிலிருந்த சேற்றை மேலாக ஒரு கிண்ணத்தில் அள்ளினேன். வலைத்துணியில் அலசி, தாழ்வாரத்துக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சேறு, இலைத்துணுக்கு, சேறு. பிறகு ஒன்று. ரவையை இன்னும் இடித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு. இரண்டு ஓடு, கண்ணாடி மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடு விரிந்து, உள்ளேயிருந்து ஒரு குட்டிக் கால் வெளியே வந்து, நீண்டு, தடவி, உடம்பை இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இன்னொன்று. இன்னும் ஒன்று.

நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான், ஆனால் பார்ப்பதற்கு அப்படி இருந்திருக்காது. மாமியார் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"என்னாச்சு? போயிடுத்தா?"

"பாருங்கம்மா."

மடியில் இருப்பவர், மைக்ராஸ்கோப்பைத் தொடலாமா கூடாதா என்று ஒரு நொடி தயங்கினார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் கொண்டுவந்து வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"அம்மாடி, நடக்கறது!" என்றார்.

நான் சொன்ன வார்த்தைக்கு அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அது எப்போதும் வராது. காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் அது பாதி மன்னிப்பு.

குட்டிகள் எண்ணிக்கைக்குக் குறைவில்லாமல் கிடைத்தன. மேடம் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, கேள்வி மேல் கேள்வி கேட்டார். தாமரைத் தொட்டியில் வேறு மீன் உண்டா? "பூத் தொட்டியில எதுக்கு?" என்றார் மாமியார். தொட்டி மண் ஆற்று மண்ணா? நர்சரி மண், வாங்கிப் பல வருஷமாயிற்று. பெரிய மட்டி ஏதாவது? நானே கையை விட்டுத் துழாவிக் காட்டினேன், ஒன்றுமில்லை. மேடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "எழுது. நடந்ததை நடந்த மாதிரியே எழுது. நல்லாப் பூசி மெழுகி எழுதுனா மாட்டிக்குவே" என்றார். எழுதினேன். செய்முறைப் பகுதியில், மூன்று தொட்டிகளின் தண்ணீரும் தினம் இரண்டு வேளை தனித்தனி இடங்களில் கொட்டப்பட்டது என்றும், அதை ஏன் அப்படிச் செய்தார்கள் என்றும் நாலு வரி. மார்ச் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் ஏட்டைக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வு ஆவணியில் வந்தது. பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மாமியாரைக் கூப்பிட்டேன். "அங்கெல்லாம் எனக்கென்ன வேலை" என்றார். சரி, மீன் பேச்சு பேசுகிற இடத்துக்கு வரமாட்டார் என்று விட்டுவிட்டேன். நான் பேசத் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், பின்கதவு திறந்தது. மாம்பழக் கலர் பட்டுப்புடவையில், ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தனியாக வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எனக்கு வார்த்தை இரண்டு தரம் தடுக்கியது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஏட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். நான் பயந்திருந்த அதே பக்கம்.

"உங்க முடிவு முழுக்க இந்தத் தாமரைத் தொட்டியிலதாம்மா நிக்குது. கெண்டை இருந்த தண்ணிதான் அதுல போச்சுன்னு சொல்றீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவசரத்துல விரால் தண்ணியோ ஜிலேபி தண்ணியோ அதுல கலந்திருந்தா? நீங்க அங்க இல்லை. கலக்கலைன்னு என்ன உறுதி?"

புள்ளிகள் உதிர்ந்த நாட்களைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் விரலை எடுக்கவில்லை. "அது சரிதான். நான் கேட்டது தண்ணியைப் பத்தி." என் பிரதியில் அதே பக்கத்தைப் புரட்டினேன், அந்த நாலு வரிதான் இருந்தது.

"கலக்கலை."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் எழுந்து நின்றிருந்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"ஜலம் மாத்தினது நான். அந்த விரால் மீன் மாமிசம் திங்கறது. ஜிலேபி மீன் எது கிடைச்சாலும் திங்கறது. அதுகளோட ஜலத்தைக் கொண்டுபோய் எங்க பெருமாள் தாமரைக்கு விடுவேனா நான்? அறுபத்தி நாலு வயசாச்சு எனக்கு. ஒரு நாள், ஒரு வேளை அப்படிப் பண்ணியிருந்தா அந்தப் பூவை நான் பறிச்சிருக்கவே மாட்டேன். வாளிகூட மூணும் வேற வேற. கெண்டை மீன் வாளி பித்தளை."

தேர்வாளர் விரலை எடுத்து ஏட்டை மூடினார்.

"இவ்வளவு கண்டிப்பா எந்த லேப்லயும் பார்த்ததில்லைம்மா" என்றார். "எனக்கு வேற கேள்வி இல்லை."

அறை முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும். நான் சிரிக்கவில்லை. மூன்று மீனின் பெயரையும் அவர் வாயால் கேட்டுவிட்டு, அந்த மேடையில் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. அந்த மூன்று சொல்லைச் சொல்ல அவர் எவ்வளவு தூரம் வந்தார் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்கள். சமோசாவும் காப்பியும் கொடுத்தார்கள். மாமியார் சமோசாவில் வெங்காயம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, காப்பியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இருவரும் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்தோம். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தக் கெண்டைக்குத் தெரியுமோடி, குழந்தைகளைச் சுமந்துண்டு போறோம்னு?"

"தெரியாதும்மா."

"தெரியாமயேதான் கொண்டுபோய்ச் சேர்த்துடுத்தா?"

"ஆமாம்மா. நீங்க பண்ண மாதிரியே." அப்புறம் ஆவணி வரைக்கும் உள்ளே வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. மன்னிச்சிடுங்க."

"அதை அன்னைக்கே காப்பியில சொல்லிட்டயே" என்றார். "சர்க்கரை ரெண்டு பங்கு போட்டிருந்தே."

ஸ்ரீரங்கத்தில் இறங்கினோம். தெருமுனையில் எதிர்வீட்டு மாமி பூக்கூடையோடு வந்துகொண்டிருந்தார். எங்கள் பட்டுப்புடவைகளைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன மாமி, ரெண்டு பேருமா எங்க போயிட்டு வரேள்? உங்க நாட்டுப்பொண்ணோட ஜல ஆராய்ச்சி முடிஞ்சுடுத்தா?"

மாமியார் ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

"ஜலம் என்ன ஜலம், மீன்" என்றார். "என் நாட்டுப்பொண் மீன்ல டாக்டர். ஒத்தாசைக்கு நான் இருந்தேன்."